மைதானத்துக்கு அடியில் ஒரு ஊர்

மைதானம் என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தெரிகிறது? மூன்று குச்சி நட்டு டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் பையன்கள், ஓரமாக மேய்கிற ரெண்டு மாடு, புது ஸ்கூட்டர் ஓட்டிப் பழகும் ஒரு பெண், பின்னாலேயே மூச்சிரைக்க ஓடும் அவர் அப்பா. கோடை வந்தால் பொருட்காட்சி, ராட்டினம், டெல்லி அப்பளம். மதுரைக்காரர் என்றால் தமுக்கம் ஞாபகம் வரும். கோவைக்காரருக்கு வ.உ.சி. மைதானம்.

ரொம்ப சாதுவான வார்த்தை. மேடு பள்ளம் இல்லாத வெட்டவெளி. அவ்வளவுதானே?

கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டு மனைக்கு மட்டம் பார்த்த கொத்தனாரைக் கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கிரவுண்டு நிலத்திலேயே இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அரை அடி வித்தியாசம் சொல்வார். பூமி அப்படித்தான். வீடும் கடையும் நெருக்கியடிக்கிற ஒரு பெருநகரத்தின் நட்டநடுவில் நூற்றுக்கணக்கான ஏக்கர் மட்டமாக, காலியாகக் கிடக்கிறதென்றால் அது தானாக அமைந்ததாக இருக்காது. யாரோ மட்டமாக்கி இருக்கிறார்கள். யார்? எதற்காக? அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது?

இந்த வாரம் அந்தத் தரையைத்தான் கொஞ்சம் தோண்டிப் பார்க்கப் போகிறோம்.

மைதானம் தமிழ்ச் சொல் இல்லை. பாரசீகத்திலும் அரபியிலும் புழங்குகிற 'மைதான்', குதிரையேறி வந்து நம் ஊரில் ஓர் 'அம்' சேர்த்துக்கொண்டு செட்டிலாகிவிட்டது. அதற்காக, தட்டையான நிலத்துக்கு நம்மிடம் வார்த்தை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வெளி இருக்கிறது. பொட்டல் இருக்கிறது. ஊர் மாடெல்லாம் வந்து நிற்கிற மந்தை இருக்கிறது. சென்னையில் இன்றைக்கு சதுர அடி விலை கேட்டால் மயக்கம் வருகிற மந்தைவெளி, பெயரைப் பார்த்தாலே தெரியும், மாடுகளின் இடம். களம் இருக்கிறது. அறுத்த நெல்லைப் போட்டு அடிக்க, தரையைச் சமமாக்கி சாணி மெழுகி வைப்பார்களே, அதுதான் களம். அதே வார்த்தைதான் போர்க்களத்திலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. கதிர் சாய்கிற இடம், ஆள் சாய்கிற இடம் இரண்டையும் ஒப்பிட்டுச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். 'மறக்களவழி' என்று அதற்கு ஒரு துறைப் பெயரே உண்டு.

அப்புறம் திடல். இது ஒரு வேடிக்கையான வார்த்தை. இன்று திடல் என்றால் பொதுக்கூட்டம் நடக்கிற திறந்தவெளி. பழைய அகராதியைப் புரட்டினால் மேட்டு நிலம் என்று போட்டிருக்கிறது! வயலுக்கு நடுவே தண்ணீர் ஏறாமல் நிற்கிற மேடுதான் திடல். ஈரம் படாத அந்த மேட்டில்தானே நாலு பேர் கூட முடியும்? கூட்டம் சேரச் சேர, வார்த்தை மேட்டிலிருந்து இறங்கி மட்டமாகிவிட்டது.

பாரசீகத்து மைதான் அசல் குதிரைகளின் இடம். போலோ ஆடுவதற்கு, படை அணிவகுப்புக்கு, மன்னர் மாடத்திலிருந்து பார்ப்பதற்கு. ஈரானில் இஸ்ஃபஹான் நகரத்துக்குப் போனால் ஷா அப்பாஸ் 1598 வாக்கில் அமைக்கத் தொடங்கிய பிரம்மாண்டமான மைதானத்தை இன்றும் பார்க்கலாம். நீளம் மட்டும் அரை கிலோமீட்டருக்கு மேல். சுற்றிலும் மசூதி, அரண்மனை, கடைவீதி. இரண்டு கோடியிலும் கல்லால் ஆன போலோ கோல் கம்பங்கள் நாலு நூற்றாண்டு தாண்டியும் நிற்கின்றன. கோல் அடிக்கத்தான் ஆளில்லை.

அங்கிருந்து இந்த வார்த்தை கிழக்கே வந்து இந்தியில் இறங்கியது. கங்கைச் சமவெளி முழுவதையுமே இந்திக்காரர்கள் மைதானப் பகுதி என்றுதான் சொல்கிறார்கள். 'மைதானத்தை அடித்தான்' என்றால் ஜெயித்தான். 'மைதானத்தை விட்டான்' என்றால் புறமுதுகு காட்டினான். மேற்கே போனது துருக்கியில் 'மெய்தான்' ஆனது. கருங்கடலைச் சுற்றிக்கொண்டு உக்ரைனுக்குள்ளும் நுழைந்து, ஊர் கூடுகிற இடத்துக்கு 'மைதான்' என்று பெயராயிற்று. கீவ் நகரத்தின் விடுதலைச் சதுக்கம் அவர்கள் மொழியில் மைதான்தான். 2013 நவம்பரில் அங்கே கூடிய ஜனம், கொட்டுகிற பனியில் மூன்று மாதம் நகரவில்லை. துப்பாக்கிச் சூட்டில் சுமார் நூறு பேர் செத்தார்கள். 2014 பிப்ரவரியில் அதிபர் யானுகோவிச் நாட்டை விட்டே ஓடினார். அதற்கு முன்பே 2011-ல் கெய்ரோவில் முபாரக்கை வீட்டுக்கு அனுப்பிய தஹ்ரீர் சதுக்கமும் அரபியில் 'மைதான் தஹ்ரீர்'. பாளையங்கோட்டைப் பையன் கிரிக்கெட் ஆடுகிற அதே மைதானம்!

சரி, இது ஊர் சுற்றிய வார்த்தையின் கதை. நான் சொல்ல வந்தது வேறு. அதற்கு இன்னொரு வார்த்தையைப் பிடிக்க வேண்டும்.

சென்னையில் பாரிமுனைப் பக்கம் போயிருக்கிறீர்களா? என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் பூக்கடை, பழக்கடை, பிளாஸ்டிக் பக்கெட் எல்லாவற்றையும் தாண்டி நடந்தால் ஒரு போலீஸ் ஸ்டேஷன் வரும். எஸ்பிளனேடு போலீஸ் ஸ்டேஷன். அதென்ன எஸ்பிளனேடு? யாராவது வெள்ளைக்காரத் துரையின் பெயரா? பல பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அது ஒரு நிலத்தின் பெயர். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு வேலையின் பெயர்.

லத்தீனில் 'எக்ஸ்பிளனாரே' என்று ஒரு வினைச்சொல். சமமாக்கு, நிரவு என்று அர்த்தம். அதிலிருந்து இத்தாலி, பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது எஸ்பிளனேடு. ஸ்கூலில் வாத்தியார் 'எக்ஸ்பிளெய்ன் பண்ணு' என்று நிறுத்திவைத்து உயிரை எடுப்பாரே, அந்த எக்ஸ்பிளெய்னும் இதே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிதான். கரடுமுரடானதைத் தட்டையாக்கிக் காட்டுவது.

எதற்காக நிரவ வேண்டும்? பீரங்கிக்காக. கோட்டைச் சுவரைச் சுற்றி வீடும் மரமும் சந்தும் பொந்தும் இருந்தால் எதிரி அதில் பதுங்கிக்கொண்டு சுடுவான். அதனால் கோட்டைக்கு வெளியே பீரங்கிக் குண்டு பாயத் தோதாக இருக்கிற அத்தனையையும் இடித்துத் தள்ளி, ஒரு ஆடு வந்தால்கூடக் கண்ணில் படுகிற மாதிரி வெட்டவெளியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பியக் கோட்டைக் கலையில் இது பாலபாடம். அந்த வெட்டவெளிதான் எஸ்பிளனேடு.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? யோசித்தால் ஒரு வார்த்தை கையில் கிடைக்கிறது. தரைமட்டம். கொத்தனார் வாயில் அது வெறும் அளவு. செய்தித்தாளில் வந்தால் 'வீடுகள் தரைமட்டம்'. நம் மொழி எதையும் மறைக்கவில்லை, பாருங்கள்.

இப்போது சென்னைக் கதை.

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் வாங்கி, அடுத்த வருஷம் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. துணி வியாபாரம்தான் பிழைப்பு. துணி நெய்ய ஆள் வேண்டும், சாயம் போட, சலவை செய்ய, தரகு பேச, கணக்கு எழுத, சுமை தூக்க ஆள் வேண்டும். அப்படி வந்த தெலுங்கர்களும் தமிழர்களும் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே குடியேறினார்கள். வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயர் பிளாக் டவுன், கறுப்பர் நகரம். நாசூக்கெல்லாம் அந்தக் காலத்தில் கிடையாது. கவர்னர் தாமஸ் பிட் காலத்தில், 1710 வாக்கில் தயாரான ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் பார்த்தால் கோட்டையை விடப் பெரியதாக, நேர்கோட்டுத் தெருக்களோடு நெருக்கமாகக் கிடக்கிறது இந்த ஊர். கடைவீதி உண்டு. நடுவில் சென்னகேசவப் பெருமாளுக்கு ஒரு பெரிய கோயில். சென்னை என்ற பெயரே இந்தப் பெருமாளிடமிருந்து வந்தது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்தச் சண்டைக்குள் இப்போது போகவேண்டாம், அதற்குத் தனியாகப் பத்து வாரம் தேவைப்படும்.

ஒரு நூறு வருஷம் ஊர் நன்றாகத்தான் இருந்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கிச் சில நாட்களில் கோட்டையைப் பிடித்தார்கள். (அப்போது கோட்டையில் குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ் மாறுவேஷத்தில் தப்பியது இந்தச் சமயத்தில்தான்.) பிடித்தவர்களுக்கு உடனே ஒரு பயம். வெள்ளைக்காரன் திரும்பி வந்தால்? சுவரை ஒட்டி இத்தனை வீடு இருக்கிறதே, இதில் ஒளிந்துகொண்டு நம்மையே சுடுவானே? பாடப் புத்தகத்தைத் திறந்தார்கள். வடக்குச் சுவரை ஒட்டியிருந்த கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியை இடித்துத் தள்ளினார்கள்.

1749-ல் உடன்படிக்கைப்படி ஊர் ஆங்கிலேயருக்குத் திரும்பி வந்தது. போனவர்கள் வந்து வீட்டைக் கட்டிக்கொண்டார்களா? அதுதான் இல்லை. ஆங்கிலேயர் வந்து பார்த்தார்கள். அட, நாம் செய்ய வேண்டிய வேலையை எதிரியே பாதி செய்து வைத்திருக்கிறானே! மீதியை இவர்கள் தொடர்ந்தார்கள். 1757-ல் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிக்கப்பட்டது. அது நின்ற இடம் இன்றைக்கு எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்த வருஷம் டிசம்பரில் மறுபடியும் பிரெஞ்சுப் படை. இந்த முறை தலைமை லாலி. இடிபடாமல் மிச்சமிருந்த வீடுகளுக்குள் புகுந்து முற்றுகையைத் தொடங்கினார்கள். புகுந்த சிப்பாய்கள் முதலில் செய்த காரியம், வீடுகளைக் கொள்ளையடித்து, அகப்பட்ட சாராயத்தைக் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்ததுதான். கோட்டைக்குள் இருந்து திடீர்த் தாக்குதல் நடந்தது, பெரிதாகப் பலனில்லை. ரெண்டு மாதம் மாறி மாறிச் சுட்டுக்கொண்டார்கள். 1759 பிப்ரவரியில் கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் தலைகாட்ட, லாலி மூட்டை கட்டினார். இந்தத் தோல்விகளுக்காக அவரைப் பாரிஸில் தலையை வெட்டிக் கொன்றது 1766-ல். ஆங்கிலேயர் பழி வாங்காமல் விட்டார்களா? 1761-ல் புதுச்சேரியைப் பிடித்ததும் அதையும் இடித்து நொறுக்கினார்கள். அங்கே இன்று நாம் போட்டோ எடுத்துக்கொள்கிற அழகான மஞ்சள் சுவர்த் தெருக்களெல்லாம் அதற்கப்புறம் எழுந்தவை.

முற்றுகையில் ஒரு விஷயம் ஆங்கிலேயருக்கு உறைத்தது. எதிரிக்கு மறைவிடமாக உதவியது உயிரோடிருப்பவர்களின் வீடு மட்டுமல்ல. கோட்டைக்கு வெளியே இருந்த அவர்களுடைய சொந்தக் கல்லறைத் தோட்டமும்தான்! பெரிய பெரிய கோபுரம் வைத்த சமாதிகள். அதன் பின்னால் பிரெஞ்சுக்காரன் சௌகரியமாக உட்கார்ந்து சுட்டிருக்கிறான். விடுவார்களா? சமாதிகளை இடித்தார்கள். எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் பெயர்த்துக் கோட்டைக்குள் கொண்டுபோய், புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்தார்கள். அடுத்த முறை கோட்டைக்குப் போனால் குனிந்து பாருங்கள், நீங்கள் நடப்பது அந்தக் கற்கள் மேல்தான். இடத்தைவிட்டு நகராமல் தப்பித்த சமாதி மிகச் சொற்பம். அதில் ஒன்று பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூர்நுனியோடு நிற்கிறது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அதற்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல் சென்னையில் கவர்னராக இருந்தவர். அவருடைய குழந்தை டேவிட் அங்கேதான் கிடக்கிறான்.

ஊர் போயிற்று, கோயில் போயிற்று, செத்தவர்களும் போனார்கள். பாக்கி இருந்தது ஒரு மேடு. கோட்டைக்கு மேற்கே, இன்றைய சென்ட்ரல், பொது மருத்துவமனைப் பக்கம் நரிமேடு என்று ஒரு சின்னக் குன்று. அதன் மேல் எதிரி பீரங்கியை ஏற்றிவிட்டால் என்ன ஆவது? அதையும் வெட்டிச் சரித்து, மண்ணைப் பள்ளத்தில் நிரப்பினார்கள். சென்னை தட்டையான ஊர் என்று பெருமையாகவோ சலிப்பாகவோ சொல்லிக்கொள்கிறோம். கொஞ்சம் தட்டையாக்கவும் பட்டிருக்கிறது.

கடைசியாக ஒரு கோடு கிழித்தார்கள். இதற்கு இந்தப் பக்கம் ஒரு குடிசைகூட வரக்கூடாது என்று எல்லையில் ஆறு தூண்கள் நட்டார்கள். அதில் பொறித்த தேதி 1773 ஜனவரி 1. புத்தாண்டுப் பரிசு! ஆறில் ஐந்து காணாமல் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒன்று பாரிமுனையில் பாரி கம்பெனியின் டேர் ஹவுஸ் கட்டடத்தில் பத்திரமாக இருக்கிறது. எஸ்பிளனேடின் எல்லை இதுதான் என்று அதில் எழுதியிருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் பஸ்ஸைப் பிடிக்க அதைத் தாண்டி ஓடுகிறார்கள். அவசரத்தில் யார் படிக்கிறார்கள்?

விரட்டப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? கோட்டுக்கு அந்தப் பக்கம். முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை. புதிய கறுப்பர் நகரம் என்று அதற்குப் பெயர், நாம் இப்போது ஜார்ஜ் டவுன் என்கிறோம். ஹைதர் அலியின் குதிரைப்படை 1767-லும் 1769-லும் சென்னை வாசலுக்கே வந்து மிரட்டிவிட்டுப் போனதும் இந்தப் புது ஊரைச் சுற்றி ஒரு மதில் எழும்பியது. அந்த மதிலுக்கு ஜனங்கள் வரி கட்ட வேண்டும் என்று கம்பெனி கிளம்பியது. முதலில் இவர்கள் வீட்டை இடித்தது கோட்டைப் பாதுகாப்புக்காக. இப்போது இவர்கள் பாதுகாப்புக்கு இவர்களே பணம் தர வேண்டுமாம்! மதிலில் பெரும்பகுதி போய்விட்டது, வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் லாரிகளுக்கு நடுவே நிற்கிறது.

இதெல்லாம் சென்னைக்கு மட்டும் நேர்ந்த கதி இல்லை. கல்கத்தாவுக்குப் போவோம், அங்கேயும் அதே பாடப் புத்தகம்தான். 1756-ல் சிராஜ் உத்தௌலாவின் படை கோட்டையைச் சுற்றியிருந்த வீடுகளின் மறைவிலிருந்து தாக்கிக் கோட்டையைப் பிடித்தது. அடுத்த வருஷம் பிளாசியில் ஜெயித்த கையோடு ஆங்கிலேயர் புதுக் கோட்டைக்கு இடம் பார்த்தார்கள். தேர்ந்தெடுத்தது கோவிந்தபூர் என்ற கிராமத்தை. 1758-ல் வேலை ஆரம்பம். குடியிருந்தவர்களுக்கு வேறு இடம் கொடுத்து எழுப்பினார்கள். ரவீந்திரநாத் தாகூரின் முன்னோர்கள் இருந்ததும் அங்கேதான். அவர்கள் வடக்கே பாதுரியாகாட்டுக்குப் போனார்கள், பிறகு ஒரு கிளை ஜோராசாங்கோவுக்கு. கிராமமும் அதைச் சுற்றிய காடும் போய், சுமார் ஆயிரம் ஏக்கரில் ஒரு வெட்டவெளி உண்டானது. அதுதான் கல்கத்தாவின் புகழ்பெற்ற மைதான்.

மைதான் என்பது ஆங்கிலத்திலும் டூரிஸ்ட் புத்தகத்திலும். வங்காளிகள் அதை ரொம்ப காலமாக 'கொடேர் மாட்' என்றே சொல்லி வருகிறார்கள். கோட்டையின் வயல்வெளி! இந்த விஷயத்தில் வங்காளிகளைத்தான் மெச்ச வேண்டும். அந்தப் புல்தரை யாருக்காக விரிக்கப்பட்டது என்பதைப் பெயரிலேயே முடிந்து வைத்துவிட்டார்கள். இப்போதும் அந்த நிலம் ராணுவத்தின் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் ஃபிளாட்டும் மாலும் ஆகாமல் தப்பித்தது என்பேன். புத்தகக் கண்காட்சியைக்கூட 2007-ல் கோர்ட்டுக்குப் போய் அங்கிருந்து கிளப்பிவிட்டார்கள்.

அந்த மைதானில் 1911 ஜூலை 29-ம் தேதி நடந்த ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர்ந்தால் பாவம். ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டி. ஒரு பக்கம் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட், பூட்ஸ் மாட்டிய வெள்ளைச் சிப்பாய்கள். இன்னொரு பக்கம் மோகன் பகான். பதினோரு பேரில் பத்து பேர் வெறுங்கால். ரெண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது வெறுங்கால். கோவிந்தபூர்க்காரர்களைக் கிளப்பிவிட்டு நிரவிய தரையில்!

டெல்லியில் இந்த வேலை இன்னும் குரூரமாக நடந்தது. 1857 எழுச்சியை அடக்கிய பிறகு, செங்கோட்டையைச் சுற்றியும் ஜும்மா மசூதிக்கு எதிரிலும் இருந்த மாளிகைகள், கடைவீதிகள், அக்பராபாதி மசூதி எல்லாவற்றையும் இடித்து வெளியாக்கினார்கள். கவிஞர் காலிப் அந்த நகரத்தில் இருந்துகொண்டு, ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைக் கடிதம் கடிதமாக எழுதிப் புலம்பியிருக்கிறார். 1947 ஆகஸ்ட் 16-ம் தேதி நேரு முதன்முதலாகச் செங்கோட்டையில் கொடியேற்றினாரே, அன்றைக்கு எதிரே அலைமோதியது லட்சக்கணக்கான ஜனம். அத்தனை பேரும் நிற்க இடம் இருந்ததற்குக் காரணம் 1857-க்குப் பிந்தைய இடிப்புதான். ஆகஸ்ட் 15 காலையில் டி.வி.யில் அந்தத் திறந்தவெளியைப் பார்க்கும்போது இனி உங்களுக்கும் ஞாபகம் வரும்.

பம்பாயில் கோட்டையைச் சுற்றி இருந்த எஸ்பிளனேடு, 1803-ல் ஊரே பற்றியெரிந்த தீ விபத்துக்கப்புறம் இன்னும் அகலமானது. 1857 அக்டோபரில் சையத் உசேன், மங்கள் காடியா என்று இரண்டு சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டது இங்கேதான். 1860-களில் கவர்னர் பார்ட்டில் ஃபிரியர் கோட்டை மதிலை இடித்துவிட்டார். கோட்டையே இல்லை, பிறகு எஸ்பிளனேடு எதற்கு? துண்டு துண்டாகி ஓவல், கிராஸ், ஆசாத் என்று மைதானங்களாயின.

பீரங்கி போனதும் பந்து வந்தது. பார்சிப் பையன்கள் கிரிக்கெட் ஆட இறங்கினார்கள். நல்ல புல்தரை வெள்ளைக்கார ஜிம்கானாவின் வேலிக்குள். அதற்குள் இந்தியர் மூச்சு விட முடியாது. சரி, வெளியே அணிவகுப்புத் திடலில் ஆடுவோம் என்றால் அங்கே வெள்ளைக்காரர்கள் போலோ ஆட வந்துவிட்டார்கள். குதிரைக் குளம்பு பட்டுத் தரை உழுத வயலாகிவிடும், பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. 1880-களின் தொடக்கத்தில் மனு மேல் மனு. வாரத்தில் ரெண்டு நாள் குதிரையேறுகிற சில துரைமார்களுக்காக நூற்றுக்கணக்கான பேர் ஆட்டத்தை விட வேண்டுமா என்று கேட்டார்கள். இதை முன்னால் நின்று நடத்திய ஷாபூர்ஜி சொராப்ஜி, 1897-ல் அந்தப் போராட்டத்தையே புத்தகமாக எழுதிவிட்டார். அரசாங்கம் நேரடியாக நியாயம் வழங்கவில்லை. கடலோரத்தில் பார்சிகளுக்கு, முஸ்லிம்களுக்கு, இந்துக்களுக்கு என்று தனித்தனியாக இடம் பிரித்துக் கொடுத்துக் கையைக் கழுவியது. மதவாரியாகக் கிரிக்கெட்! அது வேறு ஒரு வம்புக்கு வித்திட்டது.

ஆசாத் மைதானத்தில் 1988 பிப்ரவரியில் இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் சேர்ந்து 664 ரன் குவித்தார்கள். டெண்டுல்கர், காம்ப்ளி. 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து 180 கிலோமீட்டர் நடந்து வந்த விவசாயிகள் உட்கார்ந்ததும் அதே இடத்தில்தான். பகலில் நடந்தால் டிராஃபிக் ஜாமாகி, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று ராத்திரியோடு ராத்திரியாக நடந்து வந்து சேர்ந்தார்கள். வெடித்துப்போன பாதங்களை அந்தத் தரையில் நீட்டிக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருந்த போட்டோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கல்கத்தாவுக்கு ஒரு மைதான் மிஞ்சியது. பம்பாய்க்கு நாலு மிஞ்சியது. சென்னை எஸ்பிளனேடு எங்கே?

சாப்பிட்டாகிவிட்டது. கோட்டைக்குப் பயம் தெளிந்ததும், பக்கத்தில் துறைமுகமும் வந்து சேர்ந்ததும், காலி நிலத்தின் மேல் எல்லார் கண்ணும் விழுந்தது. கட்டடம் கட்டடமாக எழும்பின. அரசாங்கம் எடுத்துக்கொண்ட பங்குதான் பெரிசு. 1773-ல் குடிசைகூடக் கூடாது என்று கோடு கிழித்த இடத்தில் 1892 ஜூலையில் சிவப்புக் கல்லும் குவிமாடமுமாக ஒரு மாபெரும் கட்டடம் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே சட்டக் கல்லூரி.

சென்னகேசவப் பெருமாள் கோயில் நின்ற இடத்தைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா? பெருமாளுக்குக் கம்பெனி கோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்று இடம் கொடுத்தது. கவர்னர் பிகட்டின் துபாஷியாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று, பெருமாளுக்கும் சென்ன மல்லீஸ்வரருக்கும் அடுத்தடுத்து இரண்டு கோயில்கள் எழுப்பினார். தேவராஜ முதலி தெருப் பக்கம், பூக்கடை நெரிசலில் இப்போதும் போய்ச் சேவிக்கலாம். அவருடைய பழைய இடத்தில் இருப்பது சென்னை உயர் நீதிமன்றம். வேலை நாட்களில் காலை பத்தரை மணிக்கு நீதிபதிகள் வந்து உட்கார்ந்ததும், பட்டா யார் பேரில் இருக்கிறது, எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறீர்கள், காலி செய்ய எவ்வளவு அவகாசம் வேண்டும் என்று அங்கே வாதம் தொடங்குகிறது.